கற்களும் உரிமைக் கோரல்களும்: இஸ்தான்புல் நகரச் சின்னங்கள் பற்றிய ஒரு சமூக வரலாற்று நோக்கு

1

2020ஆம் ஆண்டு யூலை மாதம் 10ஆம் திகதி துருக்கியின் உச்ச நிருவாக நீதிமன்றம் ஒரு தீர்ப்பை வழங்கியது. இஸ்தான்புல் நகரின் அயா சோபியாவை நூதனசாலையாக்கிய 1934ஆம் ஆண்டு அமைச்சரவைத் தீர்மானம் செல்லாது என்பது அத்தீர்ப்பின் சாரம். இரு வாரங்களின் பின்னர், யூலை 24ஆம் திகதி, அக்கட்டடத்தினுள் வெள்ளிக்கிழமைத் தொழுகை நடைபெற்றது. சமய விவகாரத் திணைக்களத் தலைவர் கையில் வாளேந்தியவாறு பிரசங்க மேடையேறினார். வெற்றிகொண்ட நகரின் பள்ளிவாசலிலே வாளுடன் பிரசங்கம் செய்வது ஓட்டோமன் மரபு என விளக்கம் கூறப்பட்டது.

இந்நிகழ்ச்சி பற்றி உலகெங்கும் எழுந்த கருத்துகளை மூவகைப்படுத்தலாம். முதலாவது, இது இஸ்லாம் தன் உடைமையை மீட்டுக்கொண்ட நிகழ்ச்சி என்பது. இரண்டாவது, இது கிறித்தவம் இரண்டாவது முறையாகத் தன் உடைமையை இழந்த நிகழ்ச்சி என்பது. மூன்றாவது, நாகரிகங்கள் பல சங்கமித்த பொதுச் சொத்தொன்று குறுகிய நோக்குடையோர் கையில் அகப்பட்டுவிட்டது என்பது. ஒன்றுக்கொன்று முரண்படுவன போலத் தோன்றும் இம்மூன்று கருத்துகளுக்கும் பொதுவானதோர் அடிப்படை உண்டு. கட்டடத்தை ஒரு சமயத்தின் அல்லது ஒரு நாகரிகத்தின் ஆன்மாவினது வெளிப்பாடாகவே இவை கொள்கின்றன. அக்கட்டடம் எவரது உழைப்பினால் எழுந்தது, எத்தகைய உபரி அதனுள் முடங்கியுள்ளது, அதனைப் பேணுதற்கான செல்வம் எங்கிருந்து வந்தது என்னும் வினாக்களை இவற்றுள் எதுவும் எழுப்புவதில்லை.

அவ்வினாக்களை முன்வைத்து இஸ்தான்புல் நகரின் முக்கிய சின்னங்கள் சிலவற்றை வரலாற்று முறையில் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியமாகின்றது. சமயத்தை ஆளும் வர்க்கத்தின் வெறும் முகமூடியாகக் கொண்டு, பொருளாதாரக் காரணியொன்றைச் சுட்டியதும் ஆய்வு முடிந்துவிட்டதென அமைவது பொருள்முதல்வாதமாகாது. அது பொருளாதார வாய்ப்பாடு மாத்திரமே. ஒரே கட்டடம் வெவ்வேறு சமூக அமைப்புகளில் வெவ்வேறு கருத்துநிலைப் பணிகளை ஆற்றியது எவ்வாறு என்பதே நாம் விளக்க வேண்டிய பிரச்சினையாகும்.

2

கருங்கடலையும் மர்மரா கடலையும் இணைக்கும் பொஸ்பரஸ் நீரிணையின் வாயிலில், தங்கக் கொம்பு எனப்படும் இயற்கைத் துறைமுகத்தின் அருகே அமைந்தது இந்நகர். கி.மு. 7ஆம் நூற்றாண்டிலே மெகாரா நகரத்துக் கிரேக்கர் இங்கு பைசாந்தியம் என்னும் குடியேற்றத்தை நிறுவினர். கி.பி. 330 இல் உரோமப் பேரரசன் கொன்ஸ்தாந்தைன் அதனைத் தன் புதிய தலைநகராக்கினான். பேரரசின் செல்வவளம் மிக்க கீழைப் பிரதேசங்களுக்கும் தன்யூப், பாரசீக எல்லைகளுக்கும் இடையே அமைந்தமையே இத்தெரிவின் அடிப்படை.

புதிய தலைநகருக்குப் பழைமை இருக்கவில்லை. ஆதலின் அது பழைமையைக் கொள்வனவு செய்யாது கொணர்ந்து சேர்த்தது. தேரோட்ட அரங்கின் நடுவே இன்றும் நிற்கும் பாம்புத் தூண், பாரசீகரைக் கி.மு. 479 இல் பிளாத்தேயாவில் வென்றதன் நினைவாகக் கிரேக்க நகரங்கள் தெல்பிக் கோயிலுக்கு அளித்த காணிக்கையாகும். அதன் அருகேயுள்ள கற்றூண் எகிப்திய மன்னன் மூன்றாம் துத்மோசிசினுடையது. அது கி.பி. 390 இல் முதலாம் தியோதோசியசினால் இங்கு நிறுத்தப்பட்டது. அதன் பீடத்திலே பேரரசன் அரங்கில் வீற்றிருப்பதும், தோல்வியுற்றோர் மண்டியிட்டுத் திறை செலுத்துவதும் செதுக்கப்பட்டுள்ளன. எகிப்திலிருந்து கற்றூண் வந்தது ஒருமுறை மாத்திரமே. அங்கிருந்து தானியக் கப்பல்கள் ஆண்டுதோறும் வந்தன. தலைநகர மக்களுக்கு இலவசமாக வழங்கப்பட்ட ரொட்டி நைல் நதிப் பள்ளத்தாக்கின் விவசாயியினது உழைப்பாகும். கற்றூணும் ரொட்டியும் ஒரே திறையுறவின் இரு வடிவங்கள் எனலாம்.

இப்பின்னணியிலேயே அயா சோபியாவின் தோற்றத்தை நோக்கவேண்டும். இன்றுள்ள கட்டடத்திற்கு முன்னர் அவ்விடத்தில் இரு தேவாலயங்கள் இருந்தன. முதலாவது 404 இலும், இரண்டாவது 532 இலும் நகரக் கலகங்களின்போது எரிந்தன. 532ஆம் ஆண்டுக் கலகம் நீக்கா கலகம் எனப்படுகின்றது. தேரோட்ட அரங்கில் நீலம், பச்சை என எதிரெதிராக நின்ற இரு கட்சியினரும் அன்று ஒன்றுசேர்ந்தனர். கடும் வரி விதித்த அமைச்சர் கப்பதோக்கிய யோவானைப் பதவி நீக்குமாறு கோரினர். பேரரசன் யுஸ்தீனியனின் படைகள் அரங்கின் வாயில்களை அடைத்து உள்ளேயிருந்தோரைக் கொன்று குவித்தன. சமகால வரலாற்றாசிரியரான புரோக்கோப்பியஸ் இறந்தோர் தொகையை 30,000 இற்கும் மேல் எனக் கூறுகின்றார்.

கலகம் அடங்கிய சில வாரங்களுள் அதே ஆண்டு பெப்ரவரியில் புதிய தேவாலயத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. திரால்லெஸ் நகரத்து அந்தேமியசும் மிலேத்தஸ் நகரத்து இசிதோரும் அதன் சிற்பிகள். 537 டிசம்பரில் அது திறந்துவைக்கப்பட்டது. அத்துணைப் பாரிய கட்டடம் ஆறாண்டுகளுக்குள் எழுந்தமை பேரரசினால் எத்துணை உழைப்பையும் கல்லையும் ஒருங்கே திரட்ட முடிந்தது என்பதைக் காட்டுகின்றது. அதன் குவிமாடம் 558 இல் இடிந்து, 562 இல் மேலும் உயர்த்திக் கட்டப்பட்டது. வானத்திலிருந்து தொங்கவிடப்பட்டது போலத் தோன்றும் அக்குவிமாடத்தைப் போற்றாதார் இலர். ஆனால் அதன் முதற் பணி, அரங்கில் இரத்தத்தால் நிலைநாட்டப்பட்ட அதிகாரத்தைத் தெய்வ சம்மதம் பெற்ற ஒழுங்காக மாற்றிக் காட்டுவதாகும். கலகக்காரரின் தீயினால் எழுந்த வெற்றிடத்திலே அரசனின் பதில் கல்லாக எழுந்தது. 7ஆம் நூற்றாண்டில் எகிப்து கைநழுவியபின் அத்தகைய அளவுடைய தேவாலயம் எதனையும் அப்பேரரசினால் அந்நகரில் மீண்டும் எழுப்ப முடியவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது.

3

நகரின் வரலாற்றைக் கிறித்தவம், இஸ்லாம் ஆகியவற்றின் மோதலாகக் காண்போர் 1204ஆம் ஆண்டை விரைந்து கடந்துவிடுவர். அவ்வாண்டிலே நகரைச் சூறையாடியோர் நான்காம் சிலுவைப் போருக்கெனப் புறப்பட்ட கிறித்தவர்களே. அவர்களை ஏற்றிவந்த கப்பல்கள் வெனிஸ் நகர வணிகர்களுடையன. அரங்கிலிருந்த வெண்கலச் சிலைகள் பல உருக்கி நாணயமாக்கப்பட்டன. நான்கு வெண்கலக் குதிரைகள் வெனிஸ் சென்று அங்குள்ள சென் மார்க் தேவாலயத்தின் முகப்பை அலங்கரித்தன. ஒரு நகரின் பேரரசுச் சின்னம் இன்னொரு நகரின் வணிகச் சின்னமாயிற்று.

இது தற்செயலாக நேர்ந்ததன்று. 11ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியிலிருந்து வெனிஸ் வணிகர் சுங்கவரி விலக்குப் பெற்று நகரின் கடல் வணிகத்தைப் படிப்படியாகத் தம் வயப்படுத்தியிருந்தனர். 1261 இல் பைசாந்தியர் நகரை மீட்டபின் அவ்விடத்தை ஜெனோவா வணிகர் பெற்றனர். தங்கக் கொம்பின் வடகரையிலுள்ள கலாத்தா அவர்களது குடியேற்றமாகும். அங்கு 1348 இல் அவர்கள் எழுப்பிய கோபுரம் இன்றும் நகரின் வானவிளிம்பில் தனித்துத் தெரிகின்றது. 14ஆம் நூற்றாண்டிலே கலாத்தாவின் ஆண்டுச் சுங்க வருமானம் 200,000 பொன் நாணயங்களாக இருக்க, பேரரசின் தலைநகரது வருமானம் 30,000 மாத்திரமே என அக்கால வரலாற்றாசிரியர் கிரேகோராஸ் எழுதினார். அயா சோபியாவின் குவிமாடத்திற்கும் கலாத்தாக் கோபுரத்திற்கும் இடையே ஓடுவது ஒரு சிறு கடற்கழி மட்டுமே. எனினும், உபரி திறையாகச் சேரும் ஓர் உலகிற்கும், அது வணிக இலாபமாகச் சேரும் மற்றோர் உலகிற்கும் இடையிலான எல்லை அது.

4

1453 மே 29 இல் நகரைக் கைப்பற்றிய இரண்டாம் மெஹ்மெத், மக்கள் தொகை குன்றி ஆங்காங்கே பாழடைந்து கிடந்த ஒரு நகரையே பெற்றான். வெற்றியின் அடையாளமாக அயா சோபியா பள்ளிவாசலாக்கப்பட்டது. ஆயின் மறு ஆண்டே வைதீகத் திருச்சபைக்குக் கென்னாதியோஸ் என்பவர் பிதாப்பிதாவாக நியமிக்கப்பட்டார். முஸ்லிம்களும் கிரேக்கரும் ஆர்மீனியரும் யூதரும் பேரரசின் பல பாகங்களிலிருந்தும், பலர் கட்டாயத்தின் பேரில், நகருக்குக் கொண்டுவரப்பட்டுக் குடியேற்றப்பட்டனர். வரி செலுத்துவோரும் கைவினைஞரும் வணிகருமற்ற தலைநகர் எந்தச் சமயத்தைச் சேர்ந்த அரசனுக்கும் பயனற்றது. சகிப்புத்தன்மை என்றோ கொடுமை என்றோ ஒரு சொல்லில் அடக்கிவிட முடியாத இக்கொள்கை நிலமானியப் பேரரசொன்றின் தேவையிலிருந்து பிறந்தது.

ஓட்டோமன் நகர அமைப்பின் அச்சாணியாக விளங்கியது வக்ஃபு எனப்படும் அறக்கொடை நிறுவனம். கடைகள், குளிப்பு மண்டபங்கள், கிராமங்களின் வரி வருவாய் முதலியவை பள்ளிவாசலொன்றிற்கு நிரந்தரமாக எழுதிவைக்கப்படும். இன்று உல்லாசப் பிரயாணிகள் மொய்க்கும் மூடுசந்தையின் மூலக் கட்டடத்தை மெஹ்மெத் கட்டியதே அயா சோபியாவிற்கு வருமானம் தேடுதற்காகத்தான். 1463 தொடக்கம் 1470 வரை அவன் கட்டுவித்த பாத்திஹ் பள்ளிவாசலைச் சூழ எட்டு மதரசாக்களும் வைத்தியசாலையும் அன்னசாலையும் அமைந்தன. அது எழுந்த இடம் பைசாந்தியப் பேரரசர்கள் அடக்கம் செய்யப்பட்ட திருத்தூதர் தேவாலயத்தின் இடமாகும். பள்ளிவாசல், சந்தை, பாடசாலை, அன்னசாலை என்னும் இக்கூட்டு, கிராமத்து உபரியை நகருக்கு ஈர்த்து, அதில் ஒரு பகுதியை அறமாக மீளப் பகிர்ந்து, அப்பகிர்வின் மூலம் ஆட்சிக்கு இசைவைத் தேடிய பொறிமுறை எனலாம். அன்னசாலையில் உண்ட ஏழைக்கு அந்த அறம் மெய்யானதே. சமயத்தின் வலிமை இத்தகைய மெய்ம்மையிலே தங்கியிருந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

1550 தொடக்கம் 1557 வரை கட்டப்பட்ட சுலைமானியா இப்பொறிமுறையின் உச்சமாகும். அதன் கட்டட வேலைக் கணக்கேடுகள் அழியாது எஞ்சியுள்ளன. துருக்கியப் பொருளாதார வரலாற்றறிஞர் ஓமர் லுத்பி பர்கான் அவற்றை ஆராய்ந்து 1972 இலும் 1979 இலும் இரு தொகுதிகளாக வெளியிட்டார். அவரது ஆய்வின்படி வேலைநாள்களில் ஏறத்தாழ 55 சதவீதம் கூலி பெற்ற சுதந்திரத் தொழிலாளருடையது. 40 சதவீதம் அரச படைப் பயிற்சிக்கென எடுக்கப்பட்ட இளைஞருடையது. எஞ்சிய 5 சதவீதம் துடுப்புக் கப்பல் அடிமைகளுடையது. மேலும், தேர்ச்சி பெற்ற கைவினைஞரில் ஏறத்தாழ அரைவாசிப்பேர் கிறித்தவர். இஸ்லாமியக் கட்டடக்கலையின் மணிமகுடம் என விதந்து கூறப்படும் பள்ளிவாசலின் கற்களைச் செதுக்கியோரில் பலர் மாலையில் வேறொரு தெய்வத்தைத் தொழுதவர். அதன் சிற்பியான சினான் தாமே கிறித்தவக் குடும்பத்திலிருந்து சிறுவர் திறையாக எடுக்கப்பட்டவர். அவர் ஆர்மீனியரா, கிரேக்கரா, துருக்கியரா எனப் பிற்காலத் தேசியவாதிகள் தமக்குள் வாதிட்டனர். கணக்கேட்டிலே பெயர் பதிவான கல்தச்சர்களுக்காக வாதிட எவரும் முன்வந்திலர்.

5

18ஆம் நூற்றாண்டிலிருந்து நகரின் முகம் மாறத் தொடங்குகின்றது. 1755 இல் முடிவுற்ற நூருஸ்மானியாப் பள்ளிவாசலின் வளைவுகளில் ஐரோப்பிய பரோக் பாணி தெளிவாகத் தென்படுகின்றது. எனினும் உண்மையான உடைவு 19ஆம் நூற்றாண்டினது. 1838 இல் பிரித்தானியாவுடன் செய்த வர்த்தக உடன்படிக்கை உள்நாட்டுச் சந்தையை ஐரோப்பியத் தொழிற்சாலைப் பொருள்களுக்குத் திறந்துவிட்டது. 1854 இல் கிரிமியப் போரின்போது பேரரசு தனது முதலாவது வெளிநாட்டுக் கடனைப் பெற்றது. 1843 இல் தொடங்கி 1856 இல் முடிவுற்ற தொல்மாபாச்சே அரண்மனை இக்காலத்தின் சின்னம். சுல்தானின் தலைமைச் சிற்பிகளான பல்யான் என்னும் ஆர்மீனியக் குடும்பத்தினர் அதனை ஐரோப்பிய மாளிகைகளின் பாணியில் அமைத்தனர்.

1875 இல் அரசு வங்குரோத்து நிலையை அடைந்தது. 1881 இல் ஐரோப்பியக் கடன்கொடுத்தோரின் பிரதிநிதிகளைக் கொண்ட பொதுக் கடன் நிருவாகம் நிறுவப்பட்டது. உப்பு, புகையிலை, மதுபானம், முத்திரை, பட்டு, மீன்பிடி ஆகியவற்றின் வருமானங்கள் அதன் கைக்குச் சென்றன. 1897 இல் நகரின் பழைய பகுதியிலே, அரசின் நிருவாகத் தலைமையகத்திற்கு அண்மையில், அது தனக்கென ஒரு பெருங் கட்டடத்தை எழுப்பிக்கொண்டது. அலெக்சாந்தர் வலோரி என்னும் சிற்பி அமைத்த அக்கட்டடம் இப்பொழுது ஒரு பாடசாலையாக உள்ளது. அதே சிற்பி 1892 இல் கலாத்தாவில் அமைத்த ஓட்டோமன் வங்கிக் கட்டடம் இரு முகங்களைக் கொண்டது. வங்கித் தெருவை நோக்கிய முகம் ஐரோப்பியச் செந்நெறிப் பாணியிலும், பழைய நகரை நோக்கிய முகம் கீழைத்தேயப் பாணியிலும் அமைந்துள்ளன. ஏகாதிபத்தியக் காலத்து நிதிமூலதனத்தின் இயல்பை இதனைவிடத் தெளிவாகக் கல்லில் எழுதியிருக்க முடியாது. கையேடுகள் இவ்விரு கட்டடங்களையும் குவிமாடங்களோடு சேர்த்து எண்ணுவதில்லை. நகரைக் கைப்பற்றியோரின் வரிசையில், வாளின்றி வந்த கடன்கொடுத்தோனுக்கு இடமளிக்க மரபு வரலாறு தயங்குகின்றது.

6

1923 இல் பிறந்த குடியரசு தலைநகரை அங்காராவுக்கு மாற்றியது. 1934 நவம்பர் 24ஆம் திகதியத் தீர்மானத்தின்படி அயா சோபியா நூதனசாலையாகி, 1935 பெப்ரவரியில் மக்களுக்குத் திறக்கப்பட்டது. சுண்ணச் சாந்தின் கீழ் மறைந்திருந்த பைசாந்திய உருவச் சித்திரங்கள் மீண்டும் வெளிப்பட்டன. இது முற்போக்கான நடவடிக்கை என்பதில் ஐயமில்லை. ஆனால் அதன் வரையறைகளையும் நாம் நேர்மையாக நோக்கவேண்டும். கிறித்தவச் சித்திரங்களை உலகுக்குத் திறந்துகாட்டிய அதே அரசு, உயிரோடிருந்த கிறித்தவரையும் யூதரையும் 1942ஆம் ஆண்டுச் செல்வ வரியினால் நசுக்கியது. வரி செலுத்த இயலாதோர் அஷ்காலே என்னுமிடத்து வேலை முகாமுக்கு அனுப்பப்பட்டனர். 1955 செப்டெம்பர் 6, 7ஆம் திகதிகளில் கிரேக்கரின் கடைகளும் வீடுகளும் தேவாலயங்களும் கும்பல்களால் நாசமாக்கப்பட்டன. முதலாளித்துவத் தேசிய அரசு இறந்தகாலத்தின் பன்மைத்துவத்தை நூதனசாலையில் வைத்துக்கொண்டு, நிகழ்காலத்தின் பன்மைத்துவத்தைத் தெருவிலே அழித்தது. முஸ்லிம் உடைமை வர்க்கமொன்றை உருவாக்கும் போக்கில் அவ்வழிப்புக்குப் பொருளாதாரப் பயனும் இருந்தது.

புதிய அரசு தனக்கெனத் தெரிந்துகொண்ட சின்னம் தக்சிம் சதுக்கம். அங்கு 1928 இல் குடியரசு நினைவுச் சின்னம் நிறுவப்பட்டது. அண்மையிலிருந்த ஆர்மீனிய மயானம் 1930களில் பறிக்கப்பட்டு, அதன் கல்லறைக் கற்கள் கெசி பூங்காவின் படிக்கட்டுகளாயின. ஆனால் சதுக்கத்திற்கு அரசு அளிக்காத ஒரு பொருளைத் தொழிலாளி வர்க்கம் அளித்தது. 1977ஆம் ஆண்டு மேதினத்தன்று அங்கு திரண்டிருந்த பெருங்கூட்டத்தின்மீது துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டது. சூட்டிலும் நெரிசலிலும் 34 பேர் மாண்டனர். அன்று தொட்டு அச்சதுக்கம் தொழிலாளரின் நினைவுச் சின்னமாயிற்று. 2013 இல், கெசி பூங்காவை அழித்துப் பழைய ஓட்டோமன் படைமுகாமின் வடிவில் கட்டடமெழுப்பும் திட்டத்துக்கு எதிராக இலட்சக்கணக்கானோர் எழுந்தமையும் அங்கேயே. அத்திட்டம் கைவிடப்பட்டது. ஆயினும் 2021 இல் சதுக்கத்தின் ஓரத்தில் புதிய பள்ளிவாசல் திறக்கப்பட்டது. 532 இல் அரங்கத்திற்கு நேர்ந்ததை இது நமக்கு நினைவூட்டுமாயின் அந்நினைவு பொருந்தாத ஒன்றன்று.

7

இப்பொழுது 2020ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குத் திரும்புவோம். அத்தீர்ப்பு தங்கியிருந்த வாதம், அயா சோபியா மெஹ்மெத்தின் வக்ஃபுச் சொத்து, ஆகவே அறக்கொடையாளனின் விருப்பத்திற்கு மாறாக அதனைப் பயன்படுத்த முடியாது என்பதாகும். வக்ஃபை உயிர்ப்பித்த நிலமானிய உறவுகளும், சந்தை வருமானமும், அன்னசாலையும் மறைந்து நெடுங்காலமாயிற்று. எஞ்சியிருப்பது உறுதிப்பத்திரம் ஒன்றே. 15ஆம் நூற்றாண்டின் அறக்கொடை 21ஆம் நூற்றாண்டின் சொத்துரிமைச் சட்டத்தினூடாகப் பேசுகின்றது. 2018 இல் துருக்கிய நாணயம் பெருவீழ்ச்சி கண்டதும், 2019 இல் ஆளுங்கட்சி இஸ்தான்புல் மாநகர ஆட்சியை இழந்ததும் இத்தீர்ப்பின் உடனடிப் பின்னணியாகும். ரொட்டி குறையும்போது குவிமாடம் உயர்வது இந்நகரில் புதியதன்று. 2024 ஜனவரி முதல் வெளிநாட்டவரிடம் மேல்மாடத்தைப் பார்வையிட 25 யூரோ அறவிடப்படலாயிற்று. கீழ்த்தளம் தொழுகைக்கு, மேல்தளம் சந்தைக்கு.

எனினும் அங்கு தொழச் சென்ற எளிய மனிதரை ஏளனம் செய்வது எமது பணியன்று. நூதனசாலை மேலிருந்து திணிக்கப்பட்ட ஓர் ஏற்பாடு. நூதனசாலையின் அனுமதிச் சீட்டு அந்நகரத்து ஏழைக்கு அளிக்காத ஏதோவோர் உரிமையுணர்வைத் தொழுகை விரிப்பு அளித்திருத்தல் கூடும். மக்களின் பங்கேற்பின்றி உருவாகும் மதச்சார்பின்மை எத்துணை எளிதாகச் சாயும் என்பதே முற்போக்காளர் இதிலிருந்து கற்கவேண்டிய பாடமாகும்.

சின்னங்களின் பொருள் கல்லில் உறைந்திருப்பதன்று என்பதற்கு எமது நாட்டு உதாரணம் ஒன்றும் உண்டு. இஸ்தான்புல்லிலிருந்து பரவிய துருக்கித் தொப்பியை அணிந்து நீதிமன்றில் தோன்ற 1905 இல் எம். சி. அப்துல் காதர் என்னும் முஸ்லிம் சட்டத்தரணிக்குக் கொழும்பில் அனுமதி மறுக்கப்பட்டது. அதனை எதிர்த்து இலங்கை முஸ்லிம்கள் இயக்கம் நடத்தினர். எழுச்சி பெற்றுவந்த முஸ்லிம் மத்தியதர வர்க்கத்திற்கு அத்தொப்பி காலனித்துவத்தின் முன் தன்மானத்தின் அடையாளம். இருபதாண்டுகளின் பின், 1925 இல், துருக்கியக் குடியரசு அதே தொப்பியைப் பிற்போக்கின் அடையாளமென்று சட்டத்தினால் தடைசெய்தது. தொப்பி ஒன்றுதான், அதனைச் சூழ்ந்த சமூக உறவுகளே வேறு.

ஆகவே, 'இக்கட்டடம் எவருடையது?' என்னும் வினா பிழையாக எழுப்பப்படுகின்றது. தேவாலயமாக அதனைக் கட்டியவரும், பள்ளிவாசலாக அதனைப் பேணியவரும், அவ்விரு காலத்தும் அதற்கென வரியும் திறையும் செலுத்தியவரும் அதன் உரிமையாளராக ஒருபோதும் கருதப்பட்டதில்லை. வெற்றியாளரின் பட்டியலை நிரல்படுத்துவதோடு அமையும் வரலாறு, அடுத்த வெற்றியாளனுக்கான உறுதிப்பத்திரத்தையே தயாரித்துக் கொடுக்கின்றது. பழைமையான வழிபாட்டிடங்களின் அத்திவாரங்களைத் தோண்டி இன்றைய அயலவனை வெளியேற்றும் நியாயங்களைத் தேடும் போக்கு ஆசியாவின் பல நாடுகளிலும் பெருகிவரும் காலத்தில், ஆய்வாளரின் பொறுப்பு இதனால் மேலும் கனமாகின்றது. அத்திவாரத்தைத் தோண்டத்தான் வேண்டும். ஆனால் அங்கு முதலிற் கிடைப்பது கல்லைச் சுமந்தவனின் கைத்தடம் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.